சிப்பொல்லினோ தூண் ஒருவழியாக வசப்பட்டது

பழைய ரோமின் பொதுச் சதுக்கமான ரோமன் ஃபோரத்தில் இருக்கிற அந்தோனினஸ் – ஃபவுஸ்தினா கோயிலின் தூண் கடைசியில் தாளில் நின்றுவிட்டது. பச்சை, சாம்பல், ஊடே நெளிந்து ஓடும் வரி, மூன்றும் சேர்ந்து கல்லாகவே தெரிகிறது. இந்தச் சந்தோஷத்தைச் சக வாட்டர்கலர்காரர்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

ஃபோரத்தில் வரைய உட்காருகிறவர்கள் பெரும்பாலும் சாட்டர்ன் கோயில் பக்கம்தான் போகிறார்கள். எனக்கு என்றைக்கும் இதுதான். கி.பி. 141-இல் இறந்துபோன மனைவி ஃபவுஸ்தினாவுக்காகப் பேரரசர் அந்தோனினஸ் பயஸ் எழுப்பியது. 161-இல் அவரும் இறந்தபின் கோயில் இருவருக்குமாக ஆனது. கல்வெட்டைப் பார்த்தாலே புரியும்: கீழ்வரியில் ஃபவுஸ்தினா, பிற்பாடு சேர்த்த மேல்வரியில் அந்தோனினஸ். அப்புறம் அதே சுவர்களுக்குள் சான் லொரென்சோ இன் மிராண்டா தேவாலயம் வந்தது. 1430 வாக்கில் போப் ஐந்தாம் மார்ட்டின் அதை ரோமின் மருந்து வணிகர் சங்கத்துக்குக் கொடுத்தார். இப்போது தூண்களுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும் பரோக் முகப்பு 17-ஆம் நூற்றாண்டு வேலை.

சரி, தூணுக்கு வருகிறேன். முன்னால் ஆறு, பக்கத்துக்கு இரண்டு, ஆக மொத்தம் பத்து. உயரம் சுமார் 17 மீட்டர். கிரேக்கத்தின் எவியா தீவிலிருந்து வந்த சிப்பொல்லினோ பளிங்கு. வெங்காயத்தைக் குறுக்கே நறுக்கினால் தெரிகிற மாதிரி அடுக்கடுக்காக வரி ஓடும். இந்த வரிதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது.

டெர் வெர்ட் என்கிற மங்கலான மண்பச்சை நிறம் கல்லுக்கு அச்சாகப் பொருந்துகிறது, ஆனால் தாளைப் பிடித்துக்கொள்ளாது. முதல் பூச்சு காய்ந்த பிறகு வரி போடலாம் என்று ஈரத் தூரிகையை வைத்தால் அடியில் இருப்பதும் கரைந்து எழுந்து வந்துவிடும். ஈரம் காயும் முன்பே போடலாம் என்றால் ரோம் வெயிலில் தாள் கண்ணெதிரே உலர்கிறது. வரிகள் பாதி பரவும், பாதி வெட்டினாற்போல் நிற்கும்.

வழி பிறந்தது வரிசையை மாற்றியபோதுதான். அடிப்பூச்சுக்கு தாலோ கிரீன் என்கிற அழுத்தமான பச்சையும் பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பும் கலந்த வெளிர் சாம்பல்பச்சை. தாலோ தாளில் ஊறிவிடுவதால் மேலே எத்தனை தடவை ஈரம் பட்டாலும் அசையாது. நன்றாகக் காயவிட்டு, தூணை மட்டும் சுத்தத் தண்ணீரால் நனைத்து, பளபளப்பு போனதும் ரிகர் என்கிற நீண்ட மெல்லிய மயிர்த் தூரிகையால் டெர் வெர்ட் வரிகள். தூரிகையை நுனியில் பிடித்து, கையைத் தூக்கிக்கொண்டு, விளிம்பிலிருந்து உள்நோக்கி இழுக்க வேண்டும். வெயில் படுகிற பக்கத்தில் ஒரு கீற்று தொடாமல் விட்டால் தூண் உருண்டு நிற்கும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள முழுப் பருத்தித் தாள் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள், மரக்கூழ்த் தாள் இவ்வளவு ஈரம் தாங்காது. நான் ஃபாப்ரியானோ என்கிற இத்தாலியத் தாள் வைத்திருக்கிறேன். இத்தாலியிலேயே வாங்கிக்கொள்வது நல்லது, பெட்டியில் மடங்காமல் கொண்டுபோவது பெரும்பாடு.

தூண்களின் மேற்பகுதியில் சாய்வான வெட்டுத் தடங்கள் இருக்கின்றன. கயிறு கட்டிச் சாய்க்கப் பார்த்த தடம் என்பார்கள். அவற்றைச் சின்ன நிழலாக விட்டேன். இந்தக் காயங்கள் இல்லாமல் வரைந்தால் அது இந்தக் கோயிலே இல்லை.

முகப்பின் பச்சைநிற வெண்கலக் கதவு இன்னும் பென்சிலில்தான் இருக்கிறது. ஃபோரம் மண்மூடிக் கிடந்த காலத்துத் தரைமட்டத்துக்கு வைத்த கதவு. அகழ்ந்தெடுத்தபின் இன்று படிகளுக்கு மேலே, எட்டாத உயரத்தில் அந்தரத்தில் நிற்கிறது. உள்ளே போகப் பின்பக்கத் தெருதான் வழி. கதவுக்கும் தரைக்கும் நடுவே இருக்கிற அந்த வெற்றுச் சுவரில் எத்தனை நூற்றாண்டு மண் இருந்திருக்கும்! அதனால் அங்கே ஒரு கோடும் கூடுதலாகப் போடப் போவதில்லை.

பக்கச் சுவரின் மேல்விளிம்பில் ஜோடி ஜோடியாக எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் கிரிஃபின்களும் (கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட கற்பனை விலங்குகள்) பாக்கி. அதற்குள் மனம் இத்தாலியின் இன்னொரு ஊரான அசிசிக்குப் போய்விட்டது. அங்கே மினெர்வா கோயிலின் முகப்பும் ஆறு தூண்தான், உள்ளே இன்றும் தேவாலயம். ஆனால் அந்தத் தூண்களில் நீளவாட்டில் பள்ளங்கள். இந்த ரிகர் வித்தை அங்கே எடுபடாது, தட்டைத் தூரிகைதான். போகும் முன் அரை அங்குலத்தில் ஒன்று வாங்க வேண்டும்.