பக்கத்து வளவில் மாடி எழும்பப் போகிறதென்றால்

எங்கள் ஊர் யாழ்ப்பாண நகரை ஒட்டியது. பக்கத்து வளவு நாலு பரப்பு, அதாவது கால் ஏக்கர். நடுவில் ஓட்டு வீடு, பின்பக்கம் பெரிய பலா, மூன்று பனை, வேலியோரம் முருங்கையும் வேம்பும். சொந்தக்காரர்கள் கனடாவில். அவர்களுக்காகக் கையெழுத்திடும் அற்றோனித் தத்துவம் (அதிகாரப் பத்திரம்) வைத்திருந்த உறவினர் மூலம் காணி கைமாறியது. கொஞ்ச நாளில் அங்கே நாலு மாடியில் தங்குவிடுதி வரப்போவதாகக் கதை வந்தது.

கதையை வைத்துக்கொண்டு எந்தக் கந்தோரிலும் ஒன்றும் செய்ய முடியாது, வரைபடம் கையில் வேண்டும். கட்டட அனுமதி கொடுக்கும் உள்ளூராட்சிச் சபையில் வாய்மொழியாகக் கேட்டபோது, “அது உங்கட காணி இல்லையே” என்றார்கள். சரி, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எதற்கு இருக்கிறது? தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் கொடுத்தேன். ஏன் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கொடுப்பதா இல்லையா என்பதை 14 வேலை நாளுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும். முதலில் பதில் வரவில்லை. மேன்முறையீடு எழுதிய பிறகுதான் பிரதிகள் வந்தன.

வரைபடத்தில் பின்புறத் திறந்தவெளி விதிப்படிதான் விடப்பட்டிருந்தது. ஆனால் திறந்தவெளி என்றால் மண் என்று அர்த்தமில்லை, சீமெந்து போட்ட வாகனத் தரிப்பிடமும் திறந்தவெளிதான். பலா நின்ற இடத்தில் நாலு கார்கள் வரைந்திருந்தார்கள். மதிலோரம் மலக்குழி. அதிலிருந்து எங்கள் கிணறு முப்பது அடிகூட இல்லை.

வளவைக் காப்பாற்ற என்று தனியாக ஒரு விதியைத் தேடினால் கிடைக்காது. ஆட்சேபனைக் கடிதத்தின் முதல் வரைவைப் பின்வீட்டு மாஸ்டர் எழுதினார். நல்ல தமிழ், நிழல், குயில், மூதாதையர் எல்லாம் இருந்தன. சபையின் ரீ.ஓ. (தொழில்நுட்ப அலுவலர்) தம்பி ஒருவர் வாசித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “அக்கா, குயில் கூவுது எண்டு எழுதினா கோப்பில போட்டு மூடிப்போடுவினம். கிணறு எத்தனை அடியில இருக்கு எண்டு எழுதுங்கோ.”

அப்படியே எழுதினோம். குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மாரி மழை மண்ணுக்குள் இறங்கிச் சுண்ணாம்புக்கல் வெடிப்புகளில் தேங்குவதைத்தான் குடிக்கிறோம். அதே வெடிப்புகள் வழியாக மலக்குழித் தண்ணீரும் தடையில்லாமல் ஓடும். இங்கே பல கிணறுகளில், கழிவிலிருந்தும் உரத்திலிருந்தும் கலக்கும் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையை ஏற்கெனவே தாண்டிவிட்டது. வளவை முழுக்கச் சீமெந்தால் மூடினால் மழை தெருவுக்குப் போகும், கழிவுதான் கிணற்றுக்கு வரும். கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடி வேண்டும் என்று பி.எச்.ஐ.மார் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள்) வழமையாகச் சொல்வதையும் சேர்த்தோம். அயலிலுள்ள கிணறுகளுக்கு நாடா பிடித்து அளந்து ஒரு படமும் இணைத்தோம். எனக்கென்னவோ, கடிதத்தை விட அந்தப் படம்தான் வேலை செய்தது.

மரங்களுக்கு வேறு வாசல். மரம் வெட்டுதலைக் கட்டுப்படுத்தும் 1951ஆம் ஆண்டுச் சட்டம் பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றைக் காக்கிறது. கிராம சேவகர் வழியாகப் பிரதேச செயலகத்தில் அனுமதி எடுக்காமல் வெட்ட முடியாது. அங்கும் கடிதம் கொடுத்தோம். மூன்று பனையில் ஒன்று ஆண்பனை. அந்தச் சட்டத்தில் பாவம் அதற்கு இடமில்லை, வேம்புக்கும் இல்லை.

லண்டனில் இருக்கும் மச்சான் தொலைபேசியில் ஆச்சரியப்பட்டார். இங்கிலாந்தில் 2010இல் வீட்டுத் தோட்டங்களை ‘ஏற்கெனவே கட்டடம் எழும்பிய நிலம்’ என்ற வகையிலிருந்தே எடுத்துவிட்டார்களாம். அந்த ஊரில் இருந்துகொண்டு இங்கே காணியை மாடிகட்ட விற்பவர்களும் எங்கள் ஆட்கள்தானே என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார்.

திட்டமிடற் குழு கூடுவதற்கு முன் இடம் பார்க்க வந்தார்கள். காணி வாங்கியவரும் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. “இவ்வளவு காசு போட்டு வாங்கிப்போட்டு மரத்துக்குத் தண்ணி ஊத்திக்கொண்டே இருக்கிறது?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். கட்டவே கூடாது என்று நாங்கள் நின்றிருந்தால் அன்றே தோற்றிருப்போம். குழியை முன்பக்கம் மாற்றுங்கள், பின்பக்கம் மண்ணாக விடுங்கள், பலாவை வெட்டாதீர்கள் என்று மூன்றைத்தான் கேட்டோம். பி.எச்.ஐ. எங்கள் கிணற்றடியில் நாடாவைப் பிடித்தபோதே பாதி முடிந்துவிட்டது.

திருத்திய வரைபடத்துக்குத்தான் அனுமதி கிடைத்தது. மூன்று மாடி. குழி தெருப்பக்கம். தரிப்பிடம் கட்டடத்தின் கீழே. பலா தப்பியது. ஒரு பெண் பனை அனுமதியோடு போனது, ஆண்பனையும் வேம்பும் யாரையும் கேட்காமலே போயின. வேம்பு நின்றிருந்தால் பங்குனி வெயிலில் எங்கள் அடுப்படி இப்படிக் கொதிக்காது.

ஆனால் வரைபடத்தில் ஒன்றும் தரையில் ஒன்றுமாகக் கட்டுவது எங்கள் பக்கம் புதிதல்ல. கட்டி முடித்து, வரைபடப்படிதான் கட்டியது என்று சபை கொடுக்கும் அமைவுச் சான்றிதழுக்கு அவர்கள் விண்ணப்பிக்கும்போது, குழியைத் திறந்து இடத்தைப் பார்த்த பிறகே கொடுக்க வேண்டும் என்று இப்போதே ஒரு கடிதம் கொடுத்துவிட்டோம். திகதி முத்திரை குத்திய பிரதி மாஸ்டரிடம் இருக்கிறது.