மொச்சைக்கொட்டையும் தேங்காப்பூவும்

போன வாரம் நாலாம் கிளாசுக்கு விதைப் பாடமுங்க. போர்டுல படம் போட்டா காப்பி பண்ணிட்டு மறந்துருவாங்கன்னு, ராத்திரியே ரெண்டு கை மொச்சைய ஊறப்போட்டு டிபன் பாக்ஸ்ல எடுத்துட்டுப் போனேன், பஸ்ஸே அந்த வாசம்தான்.

ஆளுக்கு மூணு. நகத்துல கீறினா தோலு வழுக்கிட்டு வந்துருது, அதான் விதையுறை. உள்ள ரெண்டு பருப்பு, அதான் வித்திலை, மெதுவா பிரிச்சா ஓரத்துல வெள்ளையா கொக்கியாட்டம் ஒண்ணு ஒட்டிட்டு இருக்கும், கூரா இருக்கறது முளைவேர், மடிச்சு வெச்ச துளி இலை முளைக்குருத்து. "டீச்சர், உள்ள பாப்பா தூங்குதுங்க"ன்னா ஒரு அம்மிணி. இதவிட நான் என்ன சொல்ல?

அப்பறம் தேங்காத்தொட்டியில ஈரப் பஞ்சு வெச்சு முளைக்கப் போட்டோம். ஒருத்தன் பாசம் பொங்கி தொட்டி நெறைய தண்ணி ஊத்திட்டான், மூணாம் நாள் அழுகி ஒரே நாத்தம். விதைக்கும் மூச்சு விட காத்து வேணும்டா சாமின்னேன். இருட்டு பீரோவுல வெச்சது ஜோரா முளைச்சிருச்சு, மொச்சை முளைக்க வெயில் வேண்டாம், பொறவு வளரத்தான் வேணும்.

மக்காச்சோளத்துக்கு ஒரே வித்திலைதான், தேங்காய்க்கும் அப்படித்தான், முளைவிட்ட தேங்காயில திங்கறமே அந்தப் பூ, அதுதான்னு சொன்னதும் தோப்புக்காரப் பையன் ஒருத்தன் எந்திரிச்சு, "அப்ப செடியோட சோத்தையா டீச்சர் நாம திங்கறோம்?"னான். மறுநாள் ரெண்டு தேங்காப்பூ கொண்டாந்தான். பாடம் நடத்திட்டு எல்லாரும் பங்கு போட்டுத் தின்னோமுங்க.