முதல் ட்வின் டிப் தேடும் நாட்கள்

பிப்ரவரி 8

இந்த சீசன் முடிவதற்குள் சொந்தமாக ஒரு ஜோடி ட்வின் டிப் ஸ்கீ வாங்கிவிட வேண்டும். வாடகை ஸ்கீயில் பின்பக்கமாகச் சறுக்க முயலும்போதெல்லாம் தட்டையான வால் பனியில் குத்திக்கொள்கிறது. மெதுவாகப் போகும்போது சமாளிக்கலாம். வேகம் கூடினால் ஆளையே தூக்கிப் போட்டுவிடும். ட்வின் டிப்பில் முன்முனை போலவே வாலும் மேல்நோக்கி வளைந்திருக்கும். அதனால் ஸ்விட்ச்சில், அதாவது முதுகு காட்டிச் சறுக்கும்போது, வால் பனிக்கு மேலே ஏறிப் போகும். சின்ன ஜம்ப்பில் ஒரு 180, அதாவது அரைச் சுற்று, போட்டுப் பின்பக்கமாக இறங்குவதற்கும் அந்த வளைவு வேண்டும்.

கையில் இருக்கும் பணம் அளவானது. பெரியம்மா மகள் அக்கா பல வருடமாகப் பார்க்கில், அதாவது குதிக்கவும் வித்தை செய்யவும் மேடுகளும் கம்பிகளும் அமைத்த பனித்திடலில், சறுக்குகிறவள், அவளிடம் போனில் கேட்டேன். "பூட்ஸ் இருக்கா உனக்கு?" என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி.

"இல்லக்கா, அதுவும் வாடகைதான்."

"அப்போ பாதிக் காச அதுக்கு எடுத்து வை. மிச்சத்துல ஸ்கீயும், பூட்ஸ ஸ்கீல மாட்டுற பைண்டிங்கும் பாரு. ஸ்கீ பழசு வாங்கலாம், தப்பில்ல. இன்னொருத்தர் கால் பதிஞ்ச பூட்ஸ மட்டும் வாங்காத."

பிப்ரவரி 11

பூட்ஸ் வாங்கியாயிற்று. அக்கா சொன்னபடி உள்ளுறையைக் கழற்றிவிட்டு வெறும் ஓட்டுக்குள் காலை விட்டு, விரல்கள் முன்னால் லேசாகத் தொடும்படி நின்று, குதிகாலுக்குப் பின்னால் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்தேன். ஒன்றிலிருந்து இரண்டு செ.மீ. இருந்தால் சரி. அதற்கு மேல் போனால் கொஞ்ச நாளில் உள்ளுறை அமுங்கி, கால் உள்ளே ஆட ஆரம்பித்துவிடும். அடியில் கிரிப்வாக் சோல், நடக்க வசதியாக வளைந்த வகை. ஓட்டின் பக்கவாட்டில் சோல் நீளம் 306 மி.மீ. என்று அச்சிட்டிருக்கிறது. பைண்டிங் பொருத்த இந்த இரண்டு விவரமும் வேண்டும் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 14

தேடத் தேட இந்த ஸ்கீ வந்த கதையும் கண்ணில் பட்டது. 1990களில் ஸ்னோபோர்டுக்காரர்கள் பார்க்கில் செய்ததையெல்லாம் ஸ்கீயிலும் செய்ய ஆசைப்பட்ட சிலர், பனி மேடுகளுக்கு நடுவே சறுக்கும் மொகல் பிரிவிலிருந்து வந்த கனடாக்காரர்கள். மைக் டக்ளஸ், ஜே.பி. ஓக்லேர், ஜே.எஃப். கூசோன் ஆகியோர் அந்தக் குழுவில் இருந்தவர்கள். இரு முனையும் வளைந்த ஸ்கீ வேண்டும் என்ற அவர்களுடைய யோசனையைச் சாலமன் நிறுவனம் ஏற்று, 1998இல் டென்எய்ட்டி (1080) என்ற ஸ்கீயை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1080 என்பது காற்றில் மூன்று முழுச் சுற்று. ஜேசன் லெவின்தால் 1995இல் தொடங்கிய லைன் நிறுவனமும் அதே காலத்தில் இந்த வழியில்தான் போய்க்கொண்டிருந்தது. 2014இல் சோச்சி ஒலிம்பிக்கில் கம்பிகளும் ஜம்ப்புகளும் வரிசையாக உள்ள சரிவில் இறங்கும் ஸ்கீ ஸ்லோப்ஸ்டைலும், அரைக் குழாய் வடிவப் பள்ளத்தில் சறுக்கும் ஹாஃப்பைப்பும் சேர்ந்தன. 2022இல் பெய்ஜிங்கில், ஒரே பெரிய ஜம்ப்பில் வித்தை காட்டும் பிக் ஏர்.

ஒரு சிலர் அடம்பிடித்துக் கேட்டதால் பிறந்த பொருள் என்பதே எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அந்தக் கால ஸ்கீகள் இப்போது மலிவாகக் கிடைத்தாலும் வாங்குவதாக இல்லை. பைண்டிங்தான் காரணம். வெகு பழைய பைண்டிங்குகளுக்குத் தயாரித்த நிறுவனமே பொறுப்பேற்பதை நிறுத்திவிடும். அப்புறம் எந்த முறையான பட்டறையும் அதைத் தொட்டுச் சரிசெய்து தராது.

பிப்ரவரி 17

இன்று அகலமும் நீளமும். ஸ்கீயின் மேலே 118-88-111 என்பது போல மூன்று எண்கள் இருக்கும். முன்முனை, இடுப்பு, வால் ஆகியவற்றின் அகலம், மில்லிமீட்டரில். நடுவில் உள்ள இடுப்பு எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 80 பக்கம் இருந்தால் கெட்டியான பனியில் ஒரு எட்ஜிலிருந்து, அதாவது ஓர இரும்பு விளிம்பிலிருந்து, மறு எட்ஜுக்குச் சட்டென்று மாறும். 100ஐத் தாண்டினால் ஆழமான புதுப்பனியில் மிதக்கும், ஆனால் கெட்டிப் பனியில் மந்தமாக இருக்கும்.

என் நாள் எப்படிப் போகிறது என்று யோசித்தேன். பார்க்கில் இருக்கும் நேரம் கொஞ்சம்தான். பெரும்பகுதி லிஃப்ட்டில் ஏறி, சமன் செய்த சரிவில் இறங்கி, ஓரத்தில் கிடைக்கும் சின்ன மேட்டில் குதித்து, அப்புறம் பார்க். இதற்கெல்லாம் சேர்த்து ஒரே ஜோடிதான் வாங்க முடியும் என்றால் 85க்கும் 92க்கும் நடுவில் இருப்பதே சரி.

நீளத்தில்தான் குழப்பம். என் உயரம் 174 செ.மீ. பார்க்குக்குக் குட்டையாக வாங்கு, சுழற்றச் சுலபம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஆனால் ட்வின் டிப்பில் இரு முனையும் மேலே தூக்கியிருப்பதால், அதே நீளமுள்ள சாதாரண ஸ்கீயைவிடப் பனியைத் தொடும் பகுதி குறைவு. 164 வாங்கினால் வேகத்தில் அது இன்னும் குட்டையாகத்தான் தெரியும். ஜம்ப்பிலிருந்து கொஞ்சம் பின்னால் சாய்ந்து இறங்கினாலும் தாங்குவதற்கு வால் இருக்காது. மூக்குக்கும் உச்சந்தலைக்கும் நடுவில் எங்காவது வரலாம் என்கிறார்கள். நான் 170ஐ ஒட்டித் தேடுகிறேன். என்னைவிட எடை குறைந்தவர் என்றாலோ முழு நேரமும் ரெயிலிலேயே, அதாவது பார்க்கில் சறுக்கிப் போக வைத்திருக்கும் இரும்புக் கம்பியிலேயே, இருப்பவர் என்றாலோ குட்டையானது பொருந்தும்.

பிப்ரவரி 21

கடையில் கையில் எடுத்து வளைத்துப் பார்த்தேன். முனையைப் பிடித்து, நடுவில் உள்ளங்கையால் அழுத்தினால் ஓரளவு தெரிந்துவிடுகிறது. மென்மையான ஸ்கீயில் பட்டர் என்ற வித்தை சுலபம். வாலிலோ முனையிலோ எடையைப் போட்டு, மீதியைத் தூக்கிச் சுழலலாம். ரெயிலிலும் அது இடம் கொடுக்கும். விறைப்பானது பெரிய ஜம்ப்பில் இறங்கும்போது தாங்கும், வேகத்தில் நடுங்காது, ஆனால் கற்றுக்கொள்கிறவனை விடாமல் சோதிக்கும். முனைகள் கொஞ்சம் மென்மை, காலடியில் விறைப்பு என்ற நடுத்தர வகை எனக்குப் போதும்.

கேம்பர் என்பது தரையில் வைத்தால் நடுப்பகுதி மேலே எழும்பி நிற்பது. கெட்டிப் பனியில் பிடிப்பும், குதிக்கும்போது உந்துதலும் அதிலிருந்துதான். ராக்கர் அதற்கு நேர்மாறு: முனைகள் வெகு முன்னதாகவே தரையை விட்டு எழத் தொடங்கும், அதனால் விளிம்பு பனியில் சிக்குவது குறையும். காலடியில் கேம்பர், இரு முனையிலும் லேசான ராக்கர் என்பதைத்தான் குறித்துக்கொண்டேன்.

உள்ளே என்ன மரம் என்றும் கேட்க வேண்டும். பாப்லர், ஆஸ்பென், பீச் எதுவாக இருந்தாலும் மரம் மரம்தான். மிக மலிவான ஸ்கீகளில் நுரை உள்ளீடு வருகிறது. எடை குறைவு, ஆனால் ரெயிலில் மோதி மோதி உழைக்க அது போதாது. அடிப்பரப்பு விஷயத்தில் நான் மலிவானதையே விரும்புகிறேன். சின்டர்டு வகை அடிப்பரப்பு வேக்ஸை (வழுக்கப் பூசும் மெழுகை) உறிஞ்சி வேகமாக ஓடும், ஆனால் அடிக்கடி வேக்ஸ் கேட்கும். எக்ஸ்ட்ரூடட் வகை கொஞ்சம் மெதுவானது, கீறினால் ஒட்டுப்போடுவது சுலபம். முதல் ஜோடிக்கு அது ஒரு குறையே இல்லை.

மார்ச் 1

பழைய ஜோடி ஒன்றைப் பார்க்கப் போனேன். மேல்பக்கம் பளபளவென்று புதிது போல இருந்தது. மேல்பக்கத்தை நம்பக் கூடாது. திருப்பிப் போட்டுக் காலடிப் பகுதியின் எட்ஜில் நகத்தை ஓட்டினேன். மயிரிழை விரிசல்கள் நிறைய. ரெயிலில் ஓடிய ஸ்கீயில் விரிசல் இருப்பது சகஜம், ஒன்றிரண்டு இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் இதில் ஒரு துண்டு எட்ஜ் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் தண்ணீர் உள்ளே போய் மரம் ஊறிவிடும். அதன் பிறகு பசை விட்டு, அடுக்குகள் பிரிய ஆரம்பிக்கும்.

அப்புறம் வால். ட்வின் டிப்பை வால் ஊன்றி நிறுத்தி நிறுத்தியே பலர் அந்த நுனியைப் பிரித்துவிடுகிறார்கள். கட்டைவிரலால் அழுத்தினேன், புத்தகத்தின் பக்கங்கள் போல லேசாக விலகி மூடியது. விற்பவர் நல்ல மனிதர்தான், ஆனால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். வருத்தமாகத்தான் இருந்தது, விலை அவ்வளவு குறைவு.

வந்ததும் அக்காவிடம் சொன்னேன். "ரெண்டையும் அடியோடு அடி சேர்த்து வச்சுப் பாத்தியா? நடுவுல ரெண்டு ஸ்கீயும் ஒரே மாதிரி இடைவெளி விடணும். ஒண்ணு மட்டும் தட்டையா கிடந்தா அது செத்துப்போச்சுன்னு அர்த்தம்" என்றாள். இன்னொன்றும் சொன்னாள்: பைண்டிங் எத்தனை தடவை மாற்றிப் பொருத்தியிருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். பழைய துளைகளுக்கு மிக அருகில் புதிதாகத் துளை போட முடியாது, திருகு பிடிக்காது.

மார்ச் 7

சீசன் முடிவு நெருங்கியதும் கடைகளில் விலை இறங்க ஆரம்பித்துவிட்டது. கவனித்துப் பார்த்தால் போன வருட மாடலும் இந்த வருட மாடலும் பல சமயம் ஒரே ஸ்கீ, மேலே உள்ள படம் மட்டும்தான் வேறு. படம் பிடிக்கவில்லை என்பதற்காக அதிகம் கொடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை, ஓரிரு மாதத்தில் அது கீறிப்போய்விடும்.

இப்போது என் முன்னால் இரண்டு வழி. போன வருட மாடல், புதிது, பைண்டிங் தனியாக வாங்க வேண்டும். அல்லது நல்ல நிலையில் உள்ள பழையது, பைண்டிங்கோடு. புதிதில் பொருத்தும் கூலியும் சேரும், பட்ஜெட்டின் விளிம்பைத் தொடுகிறது.

மார்ச் 12

கிடைத்துவிட்டது! பழைய ஜோடிதான். இடுப்பு 88, நீளம் 171, மர உள்ளீடு. விற்றவர் பார்க் பக்கமே அதிகம் போகாதவர், சரிவில் மட்டும் ஓட்டியிருக்கிறார். எட்ஜில் விரிசல் இல்லை, இன்னும் நல்ல தடிமன் மிச்சமிருக்கிறது. அடிப்பரப்பில் கீறல்கள் உண்டு, மரம் தெரியும் அளவுக்கு எதுவும் இல்லை. அடியோடு அடி சேர்த்தால் இரண்டும் ஒரே மாதிரி எழும்பி நிற்கின்றன. ஒரே ஒரு முறைதான் துளையிட்டிருக்கிறது, அதுவும் நடுப்புள்ளியிலிருந்து வெகு பின்னால்.

அதிலிருந்த பைண்டிங்கை எடுத்துக்கொள்ளவில்லை. அது கிரிப்வாக் சோலுக்கு முன்னால் வந்த வகை, என் பூட்ஸோடு சேராது. அதைக் கழித்து விலை பேசினோம். மிச்சத்தில் புதிய பைண்டிங் வாங்கினேன். கழன்ற ஸ்கீ ஓடிவிடாமல் நிறுத்தும் பிரேக்கின் அகலம் 90 மி.மீ. இடுப்பைவிடக் கொஞ்சம் அகலமாக இருந்தால் போதும். 115 போட்டால் சாய்த்துத் திரும்பும்போது பிரேக்கின் கை பனியில் உரசும். ஸ்கீ கழல எவ்வளவு விசை வேண்டும் என்பதைக் காட்டும் எண் பைண்டிங்கில் இருக்கும்; பார்க்கில் பெரிய எண் வரை போகும் பைண்டிங்தான் கெத்து என்று ஒரு நினைப்பு இருக்கிறது. 5 முதல் 14 வரை உள்ளது என் எடைக்கும் நிலைக்கும் பயனில்லை. எனக்குரிய எண் அளவுகோலின் நடுவில் எங்காவது விழ வேண்டும்.

மார்ச் 15

பட்டறையில் பொருத்தக் கொடுத்தேன். எங்கே பொருத்துவது என்று கேட்டார்கள். சரி நடுவில் வைத்தால் ஸ்விட்ச்சும் சுழற்சியும் முன்பக்கம் போலவே இருக்கும். ஆனால் முன்னால் நீளம் குறைவதால் மென்பனியில் முனை புதையும், வேகத்தில் திரும்பும்போது பிடிப்பு கொஞ்சம் குறையும். நடுவிலிருந்து 3 செ.மீ. பின்னால் என்று சொன்னேன்.

படிவத்தில் எடை, உயரம், வயது, சோல் நீளம், சறுக்கும் விதம் எல்லாம் கேட்டார்கள். இதில் ஒவ்வொன்றும் உண்மையாக இருக்க வேண்டும். பைண்டிங் எவ்வளவு விசையில் காலை விடுவிக்க வேண்டும் என்ற டின் எண் இவற்றிலிருந்துதான் வருகிறது. எடையைக் கூட்டிச் சொன்னாலோ, நிதானமாகச் சறுக்குகிறவர் தன்னை வேகக்காரர் என்று எழுதினாலோ, கழல வேண்டிய நேரத்தில் ஸ்கீ கழலாது. முழங்கால்தான் விலை கொடுக்கும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், நண்பர்கள் இருவர் திருகுளியை எடுத்துத் தாங்களே எண்ணை ஏற்றிக்கொண்டதைப் பார்த்ததுதான். தயவுசெய்து செய்யாதீர்கள்.

மார்ச் 19

பனிக்குக் கொண்டுபோனேன். முதல் இறக்கத்தில் முன்பக்கமாகவே மெதுவாக. 171 நீளம் கனமாகத் தோன்றவில்லை. அப்புறம் அகலமான, கூட்டமில்லாத சரிவில் திரும்பி நின்று ஸ்விட்ச். தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டு, முழங்காலை மடக்கி, கால்களைக் கொஞ்சம் அகட்டி. வால் எங்கேயும் குத்தவில்லை! இடப்பக்கம், வலப்பக்கம் என்று திரும்பிக்கொண்டே கீழே வரை வந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

பார்க்கில் தரையோடு ஒட்டிய அகலமான பாக்ஸ், அதாவது மேலே சறுக்கிப் போகும் தட்டையான பெட்டி, வரைதான் போனேன். ரெயிலுக்குப் போவதற்கு முன் காலடிப் பகுதியின் எட்ஜை அரத்தால் கொஞ்சம் மழுக்க வேண்டும், கூராக இருந்தால் இரும்பில் மாட்டிக்கொள்ளும். முழு நீளத்துக்கும் மழுக்கினால் கெட்டிப் பனியில் பிடிப்பு போய்விடும், பூட்ஸுக்கு அடியில் வரும் பகுதி மட்டும் போதும். பட்ஜெட்டில் மீந்ததை வேக்ஸ் கட்டிக்கும் அதை உருக்கித் தடவப் பழைய இஸ்திரிப் பெட்டிக்கும் ஒதுக்கியிருக்கிறேன். சீசன் முடிந்ததும் தடிமனாக ஒரு பூச்சு பூசி, சுரண்டாமல் அப்படியே வைக்கப் போகிறேன்.