அதே செப்டம்பர் 22

1914 செப்டம்பர் 22 என்றால் சென்னைக்காரர்களுக்கு எம்டன்தான். அன்று இரவு குண்டு வீசி, எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் கப்பல். ஆனால் அதே நாள் காலையில் வடகடலில் நடந்தது இங்கே பலருக்குத் தெரியாது.

யூ-9 என்றொரு நீர்மூழ்கி. 1910-இல் ஜெர்மன் கடற்படையில் சேர்ந்தது. மண்ணெண்ணெய் எஞ்சின், கடல்மட்டத்தில் ஓடும்போது கக்குகிற புகையே தூரத்தில் காட்டிக்கொடுத்துவிடும். மூழ்கினால் பேட்டரிதான். முதல் உலகப் போர் தொடங்கும்போதே கொஞ்சம் பழசாகிப்போன ரகம்.

அன்று அதன் கேப்டன் ஓட்டோ வெட்டிகன். முதலில் அபூக்கிர் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலை அடித்தார். கண்ணிவெடி என்று நினைத்து, தத்தளித்தவர்களைக் காப்பாற்ற ஹோக், கிரெஸ்ஸி என்ற மற்ற இரண்டும் நெருங்கி வந்தன. அவையும் போயின. சுமார் ஒன்றரை மணி நேரத்தில் 1,459 பேர் இறந்துபோனார்கள். அதில் பள்ளி வயது பயிற்சி மாணவர்களும் உண்டு. உதவிக்கு வந்ததால்தான் மாட்டினார்கள் என்பதை என்னால் கடந்துபோகவே முடியவில்லை.

அடுத்த மாதம் ஹாக் என்ற கப்பலையும் யூ-9 மூழ்கடித்தது. வெட்டிகன் 1915 மார்ச்சில் யூ-29-இல் இருந்தபோது, டிரெட்நாட் என்ற பிரிட்டிஷ் கப்பல் மோதி, ஆட்களோடு மூழ்கிப்போனார். யூ-9 மட்டும் போர் முடியும்வரை தப்பித்தது. 1918 நவம்பரில் சரணடைந்தது, அப்புறம் இங்கிலாந்தில் உடைத்துவிட்டார்கள்.

அந்தப் போரில் ஜெர்மன் பேரரசர் இரும்புச் சிலுவை விருதைக் கப்பலுக்கே கொடுத்தது இரண்டு முறைதான். ஒன்று யூ-9, இன்னொன்று நம்ம எம்டன்.