மீனோடு அதன் கடலும்: ஸ்பெயின் சந்தைகளில் சில காலைகள்

மே மாதத்தில் நானும், ஐரோப்பாவில் வேலை செய்யும் என் தம்பியும் பார்சலோனாவில் தொடங்கி வலென்சியா, மாட்ரிட், செவில் வழியாகக் காடிஸ் வரை ரயிலில் போனோம். எந்த நகரத்தில் இறங்கினாலும் முதற்காலையை அந்த ஊர்ச் சந்தைக்கென்று ஒதுக்கிவிட்டுத்தான் தேவாலயங்களையும் கோட்டைகளையும் பற்றி யோசித்தோம். திருகோணமலையில் பிறந்தவர்கள் மீன் கடையைக் கண்டால் நடையைத் தளர்த்துவது வழமைதான். ஆனால், அங்கே என்னைக் கட்டிப்போட்டது மீனின் அழகு மட்டுமன்று. விற்கிற பொருள் எங்கிருந்து வந்தது, எப்படிப் பிடிபட்டது அல்லது விளைந்தது என்பதை வாங்குகிறவருக்குச் சொல்லியே விற்க வேண்டும் என்ற ஒழுங்கு அந்தச் சந்தைகளில் ஊறிப்போயிருக்கிறது. இந்தப் பதிவு பெரும்பாலும் அதைப் பற்றியதே.

பார்சலோனாவில் எல்லோரும் முதலில் போவது லா ரம்ப்லா வீதியிலுள்ள பொக்கேரியா சந்தைக்கு. 1835 இல் எரிக்கப்பட்ட, கார்மேல் சபைத் துறவிகளின் மடம் ஒன்று நின்ற நிலத்தில் 1840 இல் அடிக்கல் நாட்டப்பட்ட சந்தை அது. தலைக்கு மேலே தெரியும் உலோகக் கூரை 1914 இல் போடப்பட்டது. நாங்கள் போன வேளையில் முன்வரிசைக் கடைகளில் வெட்டிய பழங்கள் பிளாஸ்டிக் கோப்பைகளில் வண்ண வண்ணமாக அடுக்கப்பட்டிருந்தன, அவற்றைச் சுற்றிப் படம் எடுப்பவர்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளி, சனிக்கிழமை காலைகளில் பெரிய சுற்றுலாக் குழுக்கள் உள்ளே வரக் கூடாதென்று நகரசபை 2015 இலேயே விதி செய்ததன் காரணம் அங்கே நின்று பார்த்தால் விளங்கும்: ஒரு கிலோ மீன் வாங்க வந்த ஊரவருக்குக் கடைக்காரரின் முகமே தெரியாது. அந்தக் கோப்பைகளிலுள்ள மாம்பழம் எந்த நாட்டில் காய்த்தது என்று யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதுமில்லை. சந்தையின் நடுவே வட்டமாக அமைந்துள்ள மீன் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்த பின்னர்தான் எனக்கு மூச்சு வந்தது. அங்கே வயதான பெண்கள் மீனின் செவுளைத் திறந்து காட்டச் சொல்லி வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் போன சாந்த் அந்தோனி சந்தையை நான் பொக்கேரியாவை விட மேலாகச் சொல்வேன். 1882 இல் கட்டப்பட்ட இரும்புக் கட்டடம். நீண்ட காலத் திருத்த வேலைகளுக்குப் பிறகு 2018 இல் மீண்டும் திறக்கப்பட்டது. அந்நகரில் நகராட்சியின் கீழ் ஏறக்குறைய 40 உணவுச் சந்தைகள் இருப்பதால், பெரும்பாலான குடும்பங்களுக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு சந்தை கிடைத்துவிடுகிறது. சக்கரம் வைத்த துணிப் பையை இழுத்துக்கொண்டு அக்கம்பக்கத்தவர்கள் வருகிறார்கள். வரிசை என்று ஒன்று கண்ணுக்குத் தெரியாது, புதிதாக வருபவர் “கடைசியாக வந்தவர் யார்?” என்று பொதுவாகக் கேட்பார், ஒருவர் கையைத் தூக்குவார், அவருக்கு அடுத்தது நாம் என்று மனத்தில் வைத்துக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். “அக்கா, நீங்களே கேளுங்கோ, நான் கேட்டா என்ர உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பினம்” என்று தம்பி என்னை முன்னே தள்ளிவிட்டான். நான் கேட்டேன், ஒரு முதியவர் மிகுந்த மரியாதையோடு கையை உயர்த்தினார்.

அந்தக் கடையில்தான் மீனின் மேல் குத்தியிருந்த சிறிய அட்டையை நின்று வாசித்தேன். மீனின் வழக்குப் பெயர், அதன் விலங்கியற் பெயர், கடலிற் பிடிபட்டதா பண்ணையில் வளர்க்கப்பட்டதா, எந்தக் கடற்பரப்பு, எவ்வகை வலை அல்லது தூண்டில், உறையவைத்துப் பின்னர் உருக்கியதா என்ற விவரங்கள் அனைத்தும் கிலோ விலையோடு சேர்த்து எழுதப்பட்டிருந்தன. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் 2014 டிசம்பர் முதல் நடைமுறையிலிருக்கும் விதி இது. இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் இழுவைமடி வலைகளால் என்ன நடந்ததென்று அறிந்தவர்களுக்கு இந்த அட்டையின் கனம் விளங்கும். கடலடியைச் சுரண்டும் இழுவைமடியை இலங்கை 2017 இல் சட்டத்தால் தடை செய்தது. ஆனாலும் சந்தைப் பலகையிற் கிடக்கும் மீன் தூண்டிலில் வந்ததா மடியில் வந்ததா என்று வாங்குகிறவருக்குக் காட்ட நம்மிடம் எதுவுமில்லை. அங்கே ஒரு வீட்டுக்காரி, இரண்டு அட்டைகளை ஒப்பிட்டுப் பார்த்து, இழுவையில் வந்ததை விட்டுவிட்டுத் தூண்டில் மீனை வாங்கலாம். வாங்குகிறாரோ இல்லையோ, அந்த முடிவு அவருடைய கையில் இருக்கிறது.

வலென்சியாவின் மத்திய சந்தையைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்கு அலுக்காது. 1914 இல் தொடங்கி 1928 இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடம் 8,000 சதுர மீட்டருக்கும் மேல் விரிந்து கிடக்கிறது. நடுவிலுள்ள குவிமாடத்தின் உயரம் 30 மீட்டர். கண்ணாடியூடாக வரும் காலை வெயில் மரக்கறிகளின் மேல் நேரே விழுகிறது. ஆனால், என் கண் கட்டடத்தை விட்டுவிட்டுத் தக்காளிக் குவியலுக்கே போனது. சாதாரணத் தக்காளிக்குப் பக்கத்தில், தோள் பச்சையாகவும் உடல் மடிப்பு மடிப்பாகவும் இருந்த இன்னொரு குவியலில், கையால் எழுதிய அட்டையொன்று ‘பெரெல்யோ’ என்ற ஊர்ப் பெயரைச் சொல்லியது. கடற்கரையை ஒட்டிய மணற்பாங்கான நிலத்தில் விளைவதாம். விலை மற்றதைப் போல் பல மடங்கு. ஆனாலும் அந்தக் குவியல்தான் முதலிற் குறைந்துகொண்டிருந்தது. ஊரின் பெயரே தரச் சான்றாக நிற்கும் போது விவசாயிக்கும் அதில் பங்கு வந்து சேரும் என்பதை அந்தக் குவியலின் முன் நின்று நினைத்துக்கொண்டேன்.

அரிசிக்கென்றே தனிக் கடைகளும் உண்டு. நகரத்துக்குத் தெற்கே அல்புபேரா என்ற வாவியைச் சுற்றியுள்ள வயல்களின் அரிசி, பொம்பா, செனியா என்று இனப் பெயர் சொல்லி விற்கப்படுகிறது. இந்தச் சமையலுக்கு இது, அந்தச் சமையலுக்கு அது என்று கடைக்காரர் ஒரு பாடமே நடத்தினார். பயெயா என்ற சோற்றுக்கு அங்குள்ளவர்கள் போடுவது முயல், கோழி, பெரிய வெள்ளை அவரைக் கொட்டை, பச்சை அவரைக்காய், குங்குமப்பூ, சில வீடுகளில் நத்தை. உணவகங்கள் நமக்குக் காட்டும் இறால் பயெயாவை அவர்கள் வேறொரு பண்டமாகவே கருதுகிறார்கள். அதே வாவியின் விலாங்கும் மிளகாயும் உள்ளியும் சேர்ந்த ஒரு குழம்பு அவ்வூரில் பேர்பெற்றது. ஆனால், ஐரோப்பிய விலாங்கு மிக மோசமான அழிவு அபாயத்திலுள்ள இனங்களின் பட்டியலில் இருப்பதால் அதை நான் சாப்பிட விரும்பவில்லை. வயல்களுக்கும் தோட்டங்களுக்கும் வாய்க்கால் நீரைப் பங்கிடும் பிணக்குகளை, ஒவ்வொரு வியாழக்கிழமை நண்பகலிலும் பேராலய வாசலில் விவசாயிகளே கூடித் தீர்க்கும் நீர் மன்றம் இன்னும் நடக்கிறது. யுனெஸ்கோ 2009 இல் அதைப் பண்பாட்டு மரபாக ஏற்றது. கந்தளாய்க் குளத்து நீரை வட்டவிதானைமார் பங்கிடுவதைக் கண்டு வளர்ந்த தம்பலகாமத்து உறவினர்கள் சிலருக்கு நான் இதைச் சொன்ன போது, அவர்கள் பேராலயத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தண்டம் எவ்வளவு என்றுதான் கேட்டார்கள்.

மாட்ரிட்டில் சான் மிகேல் சந்தை 1916 இன் அழகிய இரும்புக் கட்டடம். 2009 இல் மீண்டும் திறக்கப்பட்ட பின் நின்றுகொண்டே சாப்பிடும் இடமாக மாறிவிட்டது. சுவைக்கலாம், சமையலுக்கு வாங்க முடியாது. அங்கும் பின்னர் செவிலிலும் பன்றித் தொடைக் கடைகளைத் தாண்டாமல் நடக்க வழியில்லை. எங்கள் வீட்டில் அது புழங்குவதில்லையாயினும், ஒவ்வொரு தொடையிலும் கட்டியிருந்த வண்ண நாடா என்ன சொல்கிறதென்று கேட்டறிந்தேன்: 2014 முதல் கறுப்பு, சிவப்பு, பச்சை, வெள்ளை என்று நான்கு நிறங்கள், முழுக்க ஐபீரியப் பன்றி இனமாகவும் ஓக் மரக் கொட்டை தின்று மேய்ந்ததாகவும் இருந்தால் மட்டுமே கறுப்பு. செவிலின் திரியானா சந்தை, ஒரு காலத்தில் சமய விசாரணை மன்றம் இருந்த கோட்டையின் இடிபாடுகளின் மேல் நிற்கிறது. மரக்கறி நன்றாக இருந்தது.

காடிஸ் நகரத்தைக் கடைசியில் வைத்தது நல்லதாயிற்று. மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த பழைய நகரம், அதன் நடுவில் 1838 இல் எழுந்த தூண் வரிசைகளோடு சந்தை, அதன் உள் மண்டபம் முழுவதும் மீன். நாங்கள் போன காலம் சூரைக் காலம். அத்திலாந்திக்கிலிருந்து முட்டையிடுவதற்காக மத்தியதரைக் கடலுக்குள் நுழையும் நீலத்துடுப்புச் சூரைகளை, ஜிப்ரால்டர் நீரிணைக்குப் போகும் வழியில் கோனில், பார்பாத்தே, சாகாரா, தாரிபா ஆகிய ஊர்களின் கரையோரத்தில் நிலைவலை கட்டி மறிக்கிறார்கள். அல்மத்ராபா என்ற இந்த முறை மிகப் பழையது. தாரிபாவுக்கு அருகிலுள்ள உரோமர் காலத்துப் பட்டினத்தில் மீனுக்கு உப்பிட்ட தொட்டிகள் இன்னும் வரிசையாகக் கிடக்கின்றன. வலை கரையோரத்திலேயே நிற்கிறது. மீன் அதைத் தேடி வருகிறது. இந்த இனம் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அளவுமீறிய பிடியால் மிகவும் குறைந்துபோய், நாடுகளுக்கிடையே கடுமையான பிடி அளவுகள் விதிக்கப்பட்ட பிறகு மீண்டது. 2021 இல் அழிவு அபாயப் பட்டியலில் அதன் நிலை தளர்த்தப்பட்டது. இன்றும் நீலத்துடுப்புச் சூரைக்குப் பிடி ஆவணம் இல்லாமல் விற்பனை இல்லை.

ஒரு கடையில் நடுத்தர வயதுப் பெண்ணொருவர் சூரையின் வயிற்றுப் பகுதியை வெட்டிக்கொண்டிருந்ததை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றோம். ஆள் உயரத்துக்கு மேல் இருந்திருக்க வேண்டிய மீனின் ஒரு துண்டுதான் அது. கடுஞ்சிவப்பான முதுகுச் சதை ஒருபுறம்; வெண்கொழுப்பு இழை இழையாக ஓடிய வயிற்றுச் சதை மறுபுறம்; தலைக்குப் பின்னாலுள்ள சிறிய உருண்டைத் தசைக்குத் தனிப்பெயர், தனி விலை. அவர் கத்தியை அழுத்தவில்லை, இழுத்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் பிறகு ஈரத் துணியால் அலகைத் துடைத்தார். எங்களுக்கு முதுகுச் சதையில் அரைக் கிலோ போதுமென்றதும், குழம்புக்கா பொரியலுக்கா என்று சைகையாற் கேட்டு அதற்கேற்பத் துண்டு போட்டார்.

பக்கத்துக் கடையில் மொஹாமா தொங்கியது. சூரையின் முதுகுச் சதையை உப்பில் வைத்து, கழுவி, காற்றில் உலர்த்திய பண்டம் அது. மெல்லிய தகடுகளாகச் சீவி, ஒலிவ் எண்ணெய் விட்டு, வறுத்த பாதாம் பருப்போடு தின்கிறார்கள். மாசி போட்டுச் சம்பல் இடிக்கும் நாம் சூரையை அவித்து, புகையூட்டி, வெயிலில் கல்லாக உலர்த்துகிறோம். அவர்கள் நெருப்பைத் தொடவேயில்லை. அதனால் மாசியின் புகைமணம் அதில் இல்லை, உள்ளே கருஞ்சிவப்பு நிறம் அப்படியே நிற்கிறது.

சமையலறையோடு கூடிய சிறு வீடொன்றை வாடகைக்கு எடுத்திருந்ததால் அன்று பகல் குழம்பு வைத்தோம். பழப்புளியும் அம்மா வறுத்து இடித்துத் தந்த தூளும் என் பையில் இருந்தன. தூள் சற்றுக் குறைவாக இருந்த படியால் சந்தையில் வாங்கிய, ஓக் விறகுப் புகையில் உலர்த்திய, லா வேரா என்ற வட்டாரத்து மிளகாய்த்தூளைச் சேர்த்தேன். கொச்சிக்காயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஸ்பெயின், போர்த்துக்கல் கப்பல்களில்தான் உலகத்துக்குப் பரவின என்பதால், அந்தத் தூளுக்கு எங்கள் சட்டியில் இடமுண்டு என்பது தம்பியின் வாதம். குழம்பின் நிறம் அருமையாக வந்தது, காரம் மட்டும் போதவில்லை.

ஊருக்குத் திரும்பிய பிறகு நம்முடைய சந்தையை வேறு கண்ணோடு பார்க்கிறேன். சல்லியிலோ நிலாவெளியிலோ கரைவலை இழுத்தால், மீன் கரையேறிய இடத்திலேயே ஏலம் கூறுகிறார்கள். விலை ஏறிக்கொண்டு போகும். ஸ்பெயினின் துறைமுக ஏலங்களில் பெரும்பாலும் உயர்ந்த விலையிலிருந்து இறங்கிக்கொண்டு வந்து, அந்த இறக்கத்தை முதலில் நிறுத்துகிறவருக்கே மீன். எந்த முறையானாலும் ஏலக்காரருக்கு மீனின் ஊர் தெரியும். அந்த அறிவு கடைப் பலகைக்கு வரும் வழியிலேயே நம்மிடம் தொலைந்துபோகிறது. இங்குள்ள கொட்பே துறையில் இறங்கும் பெரிய மீனில் நல்லது ஐஸ் பெட்டியில் கொழும்புக்குப் பக்கத்திலுள்ள பேலியகொடை மொத்த மீன் சந்தைக்குப் போகிறது. வாடைக் காற்று வீசும் மாதங்களில் நீர்கொழும்பு போன்ற மேற்குக் கரை ஊர்களின் மீன் லொறியில் இங்கே வருகிறது. மரக்கறியோ தம்புள்ளை மொத்தச் சந்தையைத் தொட்டுத்தான் வருகிறது. இவை எல்லாம் ஒரே பலகையில் ஒரே குரலில் விற்கப்படுகின்றன. விடிகாலையில் நம் கரையில் இழுத்த சூடை மீனும், லொறியில் இரவெல்லாம் பயணம் செய்த சூடையும் ஒரே விலைக்குப் போவது, கரைவலைக்காரருக்குச் செய்யும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

எனக்குத் தெரிந்த மீன் வியாபாரி ஒருவரிடம் இதைச் சொன்னேன். “எழுதி வைக்கலாம் தங்கச்சி. ஆனா நான் ஒராள் மட்டும் ‘இது நீர்கொழும்பு மீன்’ எண்டு எழுதினா, சனம் பக்கத்துக் கடைக்கெல்லோ போகும்” என்றார். அவர் சொல்வது முழு நியாயம். ஸ்பெயினில் அந்த அட்டை கடைக்காரரின் நல்ல மனத்தை நம்பி வைக்கப்பட்டதன்று. எல்லோருக்கும் ஒரே விதி, மீறினால் தண்டம். இங்கேயும் எல்லாப் பலகைகளுக்கும் ஒரே நாளில் அது வர வேண்டும். பெரிய இயந்திரம் ஒன்றும் தேவையில்லை. மூன்று வரி எழுதக்கூடிய ஒரு கரும்பலகைத் துண்டும், உருகிப்போகாத அளவுக்கு ஐஸும், வந்து பார்க்க ஒரு பரிசோதகரும் போதும். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் விருந்தினர் விடுதிகள் பெருகிவரும் இந்த வேளையில் அதைச் செய்தால், கரைவலை மீனுக்கு அந்த விடுதிகளே கூடுதல் விலை கொடுக்கும்.

இந்த வழியிற் போக நினைப்பவர்களுக்கு ஒன்றிரண்டு சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தச் சந்தைகள் பெரும்பாலும் பூட்டு; ஞாயிறன்று படகுகள் போகாததால் திங்கட்கிழமை நல்ல மீன் கிடைக்காது, பல மீன் கடைகள் திறப்பதேயில்லை. செவ்வாய் முதல் சனி வரை, காலை ஒன்பது மணிக்கு முன் போய்விடுங்கள். பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கெல்லாம் கழுவி மூடிவிடுவார்கள். பழத்தையும் மரக்கறியையும் கையால் அழுத்திப் பார்ப்பது அங்கே வழக்கமில்லை, வேண்டியதைக் காட்டினால் அவர்களே எடுத்துத் தருவார்கள். நூறு கிராம் கேட்டாலும் முகம் சுளிக்காமல் நிறுத்துத் தருகிறார்கள். காடிஸுக்கு மே மாதத்தில் போகிறவர்கள் சூரை வாங்காமல் வர வேண்டாம், பழப்புளியை மட்டும் ஊரிலிருந்தே கொண்டு போங்கள்.