காதில் விழுந்தது

கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்த காலத்தில், அடுத்தவர் வீட்டுப் பேச்சு என் காதில் விழாத நாள் குறைவு. வீட்டுக்குப் பேச வேண்டுமென்றால் மாலுமிகள் என் அறைக்குத்தான் வர வேண்டும். சிற்றலையில் கரையோர நிலையத்தைக் கூப்பிட்டு, முறைக்குக் காத்திருந்து, இணைப்பு கிடைத்ததும் ஹேண்ட்செட்டை அவர்கள் கையில் கொடுப்பேன். பேசும்போது பொத்தானை அமுக்க வேண்டும், கேட்கும்போது விட வேண்டும். பலருக்கு அது பழகவே பழகாது. சிக்னலும் நிலையாக நிற்காது. அதனால் நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

ஓர் இரவு ஒரு மாலுமி மனைவியிடம், "அடுத்த துறைமுகத்துல இறங்கிடுறேன், அழாதே" என்றார். சொல்லிவிட்டுப் பொத்தானை அமுக்கியபடியே இருந்தார். அந்த அம்மா என்ன பதில் சொன்னாலும் இவருக்குக் கேட்காது. அவருடைய கட்டைவிரலை நான்தான் மெல்ல விலக்கிவிட்டேன்.

மறுநாள் காலை கேப்டன் வந்தார். "ராத்திரி அவன் வீட்டுல என்ன பேசினான்? இறங்கப் போறானா?" கேட்டதில் தப்பில்லை, மாற்று ஆளுக்கு ஏற்பாடு செய்ய வேண்டியவர் அவர்தான். "அதை நான் சொல்லக் கூடாது சார்" என்றேன். "ரேடியோவுக்கும் மேலதிகாரி நான்தானே" என்றார். அதுவும் உண்மைதான். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ரேடியோ விதிகளில் 46-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அதே பிரிவு, ரேடியோ வழியாக எதை அறிய நேர்ந்தாலும் கேப்டன் உட்பட எல்லோரும் ரகசியம் காக்க வேண்டும் என்றும் சொல்கிறது. புத்தகத்தை விரித்துக் காட்டினேன். நின்றபடியே படித்துவிட்டு, "சரி, அவனையே கேட்டுக்கறேன்" என்று போய்விட்டார்.

17-ஆம் பிரிவு இன்னும் கறாரானது. பொதுமக்களுக்கு என்று அனுப்பப்படாத செய்தியை அனுமதியில்லாமல் இடைமறிக்கக் கூடாது. கேட்டதை வெளியிடவோ பயன்படுத்தவோ கூடாது. அப்படியொரு செய்தி இருந்தது என்பதைக்கூடச் சொல்லக் கூடாது. இந்தக் கடைசி வரிதான் என்னை மிகவும் பாதித்தது. 'நேற்று அவன் வீட்டுக்குப் பேசினான், ஆனால் என்ன பேசினான் என்று சொல்ல மாட்டேன்' என்பதே பாதிக்கதையைச் சொன்ன மாதிரிதானே!

அபாயச் செய்தி மட்டும் வேறு. அது கேட்கிற எல்லோருக்கும் உரியது. என் அறைக் கடிகாரத்தில் 15 முதல் 18 வரையும் 45 முதல் 48 வரையும் சிவப்பு பூசியிருக்கும். அந்த நிமிடங்களில் அபாய அழைப்புக்கான 500 கிலோஹெர்ட்ஸில் யாரும் எதையும் அனுப்பாமல், எங்காவது பலவீனமான அபாய அழைப்பு வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்போம்.

கரைக்கு வந்த பிறகு, "காற்றில் வருவதைத்தானே கேட்கிறேன், யார் வீட்டுக் கதவை உடைத்தேன்?" என்று ஸ்கேனர், அதாவது பல அலைவரிசைகளைத் தேடிப் பிடிக்கும் ரேடியோ, வைத்திருப்பவர்கள் சிலர் கேட்டார்கள். அனலாக் மொபைல் காலத்தில் ஒரு ஸ்கேனர் இருந்தால் போதும், அக்கம்பக்கத்துப் பேச்சு அப்படியே கேட்கும். அமெரிக்கா 1986-இல் அதைச் சட்டவிரோதமாக்கியது. 1994 முதல் அந்த அலைவரிசைகளைப் பிடிக்கும் ஸ்கேனர்களைத் தயாரிக்கவும் இறக்குமதி செய்யவும் தடை வந்தது. விமானங்களுடன் கட்டுப்பாட்டுக் கோபுரம் பேசுவதை அங்கே தாராளமாகக் கேட்கலாம். பிரிட்டனில் 2006-ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டத்தின் 48-ஆம் பிரிவுப்படி அதுவே குற்றம். அரசுக்கும் எல்லை உண்டு. இந்திய உச்ச நீதிமன்றம் 1996-இல், தொலைபேசிப் பேச்சு அந்தரங்க உரிமைக்குள் அடங்கும் என்று சொல்லி, ஒட்டுக்கேட்புக்குக் கட்டுப்பாடுகள் விதித்தது.

இப்போது மொபைல் பேச்சு குறியாக்கத்தோடு போகிறது, சாதாரண ஸ்கேனரில் சிக்காது. ஆனால் கப்பல்கள் அபாயத்துக்கும் ஒன்றையொன்று அழைக்கவும் பயன்படுத்தும் 16-ஆம் சேனல் இன்றும் திறந்தே கிடக்கிறது. கருவி இருந்தால் யார் காதிலும் விழும். அங்கே பேசுகிறவர்களுக்கு இன்னும் அந்தப் பழைய விதிதான் காவல்.

அந்த மாலுமி அடுத்த துறைமுகத்தில் இறங்கிவிட்டார். அன்றைய லாக் புத்தகத்தில் நான் எழுதியது நேரம், நிலையத்தின் பெயர், அலைவரிசை, 9 நிமிடம். அவ்வளவுதான்.