விசைப்பலகை குழந்தையின் கையிலேயே இருக்கட்டும்

குழந்தை தானாகவே நிரலாக்கம் கற்க வேண்டும் என்று விரும்பும் பெற்றோர் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்த நிரல் மொழியில் தொடங்கலாம் என்பதைத்தான். ஐந்து முதல் ஏழு வயது வரை கட்டளைக் கட்டங்களை இழுத்து அடுக்கும் ஸ்கிராட்ச் ஜூனியர், எட்டு வயதிலிருந்து அதே முறையிலான ஸ்கிராட்ச், தட்டச்சு ஓரளவு பழகிய பின் கட்டளைகளை எழுத்தில் எழுதும் பைத்தான் என்று போகலாம். மூன்றும் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் எழுதிய நிரல் ஓடாமல் குழந்தை திகைத்து நிற்கும்போது, பக்கத்தில் இருக்கும் பெரியவர் என்ன செய்கிறார் என்பதையே நான் அதைவிட முக்கியமாகக் கருதுகிறேன்.

என் மகள் பைத்தானின் டர்ட்டில் வசதியைக் கொண்டு படம் வரையப் பழகினாள். போகும் வழியெல்லாம் கோடு போடும் திரையிலுள்ள ஆமையை 100 அலகு முன்னே நகர்த்தி 90 பாகை திருப்புவதை நான்கு முறை செய்தால் சதுரம் கிடைத்துவிடும். அடுத்து முக்கோணம் வரைய முனைந்தவள், சமபக்க முக்கோணத்தின் ஒவ்வொரு கோணமும் 60 பாகை என்று பாடத்தில் படித்திருந்ததால், அந்த எண்ணையே கொடுத்து மூன்று முறை ஓடவிட்டாள். வந்ததோ, ஒரு பக்கம் திறந்து கிடந்த பாதி அறுகோணம். 120 என்று மாற்றச் சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். அப்படிச் சொல்லாமல், தரையில் முக்கோணப் பாதையில் நடந்து பார்க்கச் சொன்னேன். முதல் மூலையில் திரும்பியபோதே, தான் திரும்புவது முக்கோணத்தின் உள்கோணம் அல்ல, அதற்கு வெளியே உள்ள கோணம் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. ஐங்கோணத்துக்கு 72 என்பதை அவளே 360-ஐ வகுத்துக் கண்டுபிடித்தாள். குழந்தைகளுக்காக 1967-இல் உருவான லோகோ நிரல் மொழியின் ஆமையைப் பற்றி எழுதும்போது, அம்மொழியை உருவாக்கியவர்களுள் ஒருவரான சேமூர் பேப்பர்ட் வலியுறுத்தியது இதைத்தான்: குழந்தை தன் உடலையே ஆமையின் இடத்தில் வைத்து யோசிக்க முடியும்.

பிழைச் செய்தியைக் கண்டு குழந்தைகள் அஞ்சுவது, அதைப் படிக்காமலே மூடிவிடுவதால்தான். பைத்தானில் கடைசி வரியை முதலில் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பிழையின் வகை அங்கே இருக்கும், வரி எண் அதற்கு மேலே இருக்கும். பெயர் தெரியவில்லை என்று அது சொன்னால் பெரும்பாலும் எழுத்துப்பிழையாகவோ, சிறிய எழுத்துக்குப் பதில் பெரிய எழுத்து விழுந்ததாகவோ இருக்கும். சில நேரம் உண்மையான பிழை, சுட்டப்படும் வரிக்கு முந்தைய வரியில் ஒளிந்திருக்கும் என்பதையும் சொல்லி வையுங்கள்.

காணொளியைப் பார்த்து வரிக்கு வரி தட்டச்சு செய்வது கற்றல் ஆகாது. அப்படி எழுதிய நிரலில் ஓர் எண்ணையாவது மாற்றி, என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு ஓடவிடும் பழக்கம் வேண்டும். விடையை உடனே எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைத் தொடக்கத்தில் தள்ளி வைப்பதே நல்லது என்பேன். அவை பறித்துக்கொள்வது குழந்தை யோசிக்க வேண்டிய அந்த நேரத்தைத்தான்.

உங்களுக்கு நிரலாக்கம் தெரியாவிட்டாலும் தடையில்லை. "என்ன நடக்கும் என்று நினைத்தாய்? என்ன நடந்தது?" என்ற இரண்டு கேள்விகளைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, விடை வரும்வரை விசைப்பலகையைத் தொடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.